பின்பக்க லிஃப்ட்

அத்தியாயம் 14

போன வாரம் டிரைவர் அண்ணனை அறுபத்தாறாவது படியில் மூச்சு வாங்க நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் அதே படிகளில் ஒன்பது இடத்தில் நின்றவர், அன்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று மேலே வந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் நம்மை மன்னித்துவிட்டார்.

தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்கு இரண்டு வரி. அண்ணன் இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் நடந்த உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் இடுப்பளவும் எல்லை தாண்டிப் போனதால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. அதில் தேறாவிட்டாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஓய்வு பெறும்வரை வண்டி கிடையாது, டோக்கன் அறையில் உட்கார்ந்து எழுதுகிற நாற்காலிதான். அந்த மறுபரிசோதனை இன்று காலை பதினோரு மணிக்கு.

அவரைத் தேற்றிக் காட்டுகிறேன் என்று முன்வந்தவர் தங்கையின் கணவர். ஜிம் நடத்துகிறார், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தங்கைக்கு நாற்பத்துமூன்று வயது, மருந்துக்கடையில் மருந்தாளர். ஆனாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

மாஸ்டரின் ஜிம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. கீழேயெல்லாம் மரச்சாமான் கடை. கட்டடத்தின் முன்பக்கம் நல்ல லிஃப்ட் உண்டு. ஆனால் ஜிம்முக்கு வருகிற யாரும் அதைத் தொடக்கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். முதல் மாடித் திருப்பத்தில், 'லிஃப்டில் ஏறினால் தொப்பையும் ஏறும்' என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவதில், 'நின்றது போதும், நட.' மூன்றாவதில், 'வந்துவிட்டாய். நாளைக்கும் வா.'

மேலே வாசலில் ஒரு கரும்பலகை. ஏறி வரும்போது எத்தனை இடத்தில் நின்றோம் என்பதை அவரவர் வரியில் அவரவரே எழுத வேண்டும். பக்கத்தில் அவரவர் பிபியை மாஸ்டர் அளந்து எழுதுவார். முதல் வரி மாஸ்டருடையது. அதில் எப்போதும் சைபர். மற்ற வரிகள் தினமும் அழித்து அழித்து எழுதி வெளுத்துக் கிடந்தன. மாஸ்டரின் வரி மட்டும் எட்டு மாதமாக அழியாமல் பளிச்சென்று இருந்தது. அதை யாரும் ஏனென்று யோசிக்கவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அண்ணன் படியேறினார். நடுவில் எங்கேயும் நிற்காமல் மேலே வந்து சேர்ந்தார். ஜிம் கதவு பூட்டியிருந்தது. ஆறு மணி வகுப்பு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வராந்தாவில் நின்றார்கள்.

"இன்னைக்கு எக்ஸ்பிரஸ். எங்கயும் நிக்கல. மாஸ்டர் எங்க?" என்றார் அண்ணன்.

"இன்னும் காணோமே. எப்பவும் நமக்கு முன்னாடியே ஏறி வந்திருப்பாரு" என்றார் தபால்காரர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கட்டடத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லக் கேட்டது. "வாட்ச்மேன்... யோவ் வாட்ச்மேன்..."

அண்ணன் குரல் வந்த பக்கம் போனார். வராந்தாவின் கோடியில் மரச்சாமான் கடையின் சரக்கு லிஃப்ட் இருக்கிறது. கட்டில் பீரோ ஏற்றுவதற்கானது, கதவுக்குப் பதில் மடக்குக் கம்பி. செல்போன் வெளிச்சத்தைக் கம்பிக்குள் அடித்துப் பார்த்தார். லிஃப்ட் மேலே வந்து சேர ஓர் ஆள் உயரம் இருக்கும்போது நின்றுபோயிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சோபா. சோபாவில் மாஸ்டர். கையில் பாதி தின்ற க்ரீம் பன். திருடனைத் தேள் கொட்டின கதையாக, சத்தம் போட்டு உதவி கேட்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இதுல என்ன பண்றீங்க?"

"இல்ல மச்சான்... இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... முழங்கால் கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு."

கீழேயிருந்து வாட்ச்மேன் நல்ல மனதோடு குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க சார், கரண்ட் இப்ப வந்துடும். போன மாசமும் இப்படித்தானே நின்னுச்சு? நீங்க பாட்டு கேட்டுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருந்தீங்களே."

கரண்ட் வந்தது. லிஃப்ட் ஆடி அசைந்து ஏறி, அத்தனை பேருக்கும் முன்னால் மாஸ்டரைச் சோபாவோடு கொண்டுவந்து நிறுத்தியது. யாராவது சிரித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. தையல் கடை அக்கா மட்டும் தன் வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"என் பிபி குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, அதுவும் இந்த லிஃப்ட்ல வந்த கணக்குதானா?" என்றார் அண்ணன்.

ஆறு வாரமாக ஜிம் கட்டடத்துக்குள் அவர் தங்கை கணவரை மாஸ்டர் என்று மட்டும்தான் கூப்பிட்டு வந்தார். வீட்டு உறவு வீட்டோடு, இங்கே நீங்க வாத்தியார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது மாப்பிள்ளை என்று அவர் வாயால் கேட்டதும் மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"மச்சான், பதினோரு மணிக்கு டெஸ்ட்..."

"எனக்கு டெஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சொல்லிக் குடுத்த உங்களாலயே முடியலன்னா நான் எந்த மூலை? டோக்கன் ரூம்ல நாற்காலி இருக்கு. அங்க படியே கிடையாது."

அவர் இறங்கிப் போனார். போகிற வேகத்தில் செல்போனையும் அணைத்துவிட்டார்.

*

எட்டரை மணிக்குப் பாப்பா மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கும்போது மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மீசை ஓரத்தில் இன்னும் கொஞ்சம் க்ரீம் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் பஞ்சை எடுத்து நீட்டினாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை முழங்கால் என்றார். பாப்பா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"முழங்காலை விடுங்க" என்றாள் கடைசியில். "எட்டு மாசமா உங்க சட்டை முதுகுல கிரீஸ் கறை. தோய்க்கிறது நான்தானே. ஜிம்ல ஏதுங்க கிரீஸ்? ஒரு நாள் சாயங்காலம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் சுவர் பூரா கிரீஸ்."

எட்டு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக மாஸ்டர் நினைத்திருந்தார். பரிமாறினவளுக்கே தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ரோஷத்துல அன்னைக்கே ஓடி ஏறிக் காட்டுவீங்க, அதான். எதையோ மறைக்கிறீங்கன்னு புரிஞ்சுது. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அது என் தப்பு." அவள் கைகள் நின்றன. "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு நீங்க மட்டும் சோர்ந்து போறதைப் பார்க்க எனக்கு நல்லாவா இருந்துச்சு?"

"மச்சானை நீ கூப்பிட்டா வந்துடுவாரு."

"வருவாரு. ஆனா நான் கூப்பிடப் போறதில்ல. உடைச்சவர் நீங்க, நீங்களே போய் ஒட்டுங்க. அண்ணனுக்குக் கோபம் வந்தா எங்க போவாருன்னு தெரியும்ல?"

மாஸ்டர் யோசித்தார். "வண்டிக்கு."

"அப்புறம் என்ன நிக்கிறீங்க?"

*

டிப்போவில் அன்றைக்கு இருநூறு பஸ்களாவது இருந்திருக்கும். மாஸ்டர் ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். பழுது பார்க்கிற கொட்டகைக்குப் பின்னால், கடைசி வரிசையில், சக்கரம் கழற்றிய ஒரு பஸ்ஸில் அண்ணன் இருந்தார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது மணி பத்து இருபது.

மாஸ்டர் உள்ளே ஏறினார்.

"மூணு படி. நிக்காம ஏறிட்டீங்களே மாப்பிள்ளை" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமலே.

மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்கென்று வழியெல்லாம் தயார் செய்து வந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"எட்டு மாசம் முன்னாடி, ரெண்டாவது மாடி தாண்டி அம்பதாவது படியில நெஞ்சை இறுக்கிப் பிடிச்சுது மச்சான். அங்கயே உக்காந்துட்டேன். தபால்காரர் ஏறி வந்தாரு. ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவர் போனப்புறம் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் எந்திரிச்சேன். மறுநாள்ல இருந்து பின்பக்கம்."

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகல."

"பாப்பாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. இந்தத் தொழில்ல என் உடம்புதான் மச்சான் விளம்பரப் பலகை. மாஸ்டருக்கே நெஞ்சு வலின்னு தெரிஞ்சா யாரு வருவா? டெஸ்ட் எடுத்தா இருக்குன்னு ஆயிடும். எடுக்கலன்னா இல்லன்னு நினைச்சுக்கலாம்ல."

"ஆறு வாரம் முன்னாடி நானும் இதையேதான் சொன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'நாம டெஸ்டுக்குப் பயந்தா நோய் நமக்குப் பயந்து ஓடிடுமா மச்சான்'னு கேட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உங்ககிட்ட வந்து சேர்ந்தேன்." என்றார் அண்ணன். "இந்த ஆறு வாரம் காலையில எந்திரிக்கும்போதெல்லாம், நாம போறதுக்குள்ள மாஸ்டர் ஏறி முடிச்சிருப்பாருன்னு நினைச்சுத்தான் போர்வையை உதறினேன்."

"உங்க பிபி, நாடி, இடுப்பளவு, நான் எழுதினது அத்தனையும் நிஜம் மச்சான். பாப்பா மேல சத்தியம். பலகையில பொய்யா இருக்கிறது ஒரே ஒரு வரிதான். அது என்னுது."

"முதல் வரியே பொய்னா கீழ இருக்கிற வரியை எவன் நம்புவான்?"

கொட்டகையில் யாரோ டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியை அழுந்தத் தேய்த்துக்கொண்டார்.

"சரி. நான் உள்ள போறேன். ஆனா நான் கை நீட்டுற அதே டாக்டர்கிட்ட நீங்களும் கை நீட்டணும். இன்னைக்கே. நீங்க மாட்டேன்னா நானும் இந்த சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

இருபது வருடமாக எத்தனையோ பேரை வா வா என்று இழுத்துப் போனவருக்கு, தன்னை ஒருவர் இழுக்கும்போது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வரேன்" என்றார்.

*

மருத்துவ அறை டிப்போ அலுவலகத்தின் இரண்டாவது மாடியில். அந்தப் பழைய கட்டடத்தில் முன்பக்கமும் லிஃப்ட் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.

பத்தாவது படியில் மாஸ்டர் நின்றார். அண்ணனும் நின்றார்.

"நீங்க போங்க மச்சான், நேரமாச்சு."

"அவசரமில்ல. இது டவுன் பஸ். நின்னு நின்னுதான் போகும்."

பதினெட்டில் ஒரு தடவை, முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் அண்ணன் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். அவரிடமே கற்றுக்கொண்டது. நான்காவது நிறுத்தத்தில் ஒரு குமாஸ்தா கோப்போடு கடந்து போனாள். மாஸ்டரின் கை பழக்கத்தில் ஷூ லேஸ் பக்கம் போனது. பாதியிலேயே அதை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்குதும்மா" என்றார். அவள், "எனக்கும்தான் சார் தினமும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தாவது நிறுத்தம் மருத்துவ அறை வாசலிலேயே வந்தது. அப்போது பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

டாக்டர் அண்ணனின் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றை இறக்கினார். பழைய தாளையும் புதிய தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி டேப் போட்டார்.

"நூத்து முப்பத்திரண்டு, எண்பத்திநாலு. இடுப்பும் எல்லைக்குள்ள வந்துடுச்சு. திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம்" என்றார்.

ஜிம் பலகையில் நேற்று மாஸ்டர் எழுதியது நூற்று முப்பத்துநாலு. அண்ணன் அதை நினைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"டாக்டர், இன்னொருத்தரும் இருக்காரு" என்றார் அண்ணன்.

"அவரும் டிரைவரா?"

"இல்ல. என்னைத் தேத்தினவரு."

டாக்டர் மாஸ்டரின் அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நெஞ்சுவலி பற்றி ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி மடித்துக் கொடுத்தார்.

*

மருந்துக்கடையில் மதியக் கூட்டம் குறைந்திருந்தது. மாஸ்டர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சீட்டைப் பாப்பாவிடம் நீட்டினார். அண்ணன் பின்னாலேயே நின்றார். பரிசோதனையில் தேறிய செய்தியை அவர் முகமே சொன்னது.

பாப்பா சீட்டைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். எத்தனையோ பேர் சீட்டைப் படிக்கிறவள், ஒருநாளும் முகம் மாறாதவள், இன்று கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை இருதய ஆஸ்பத்திரி. ட்ரெட்மில்ல நடக்க வெச்சுப் பார்க்கணும்னு எழுதியிருக்காரு. அதுவரைக்கும் படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு ரெண்டு மாத்திரை." அவள் கணவனைப் பார்த்தாள். "நம்ம ஜிம்ல மூணு ட்ரெட்மில் இருக்கு. ஒண்ணுலயாவது ஏறியிருக்கலாம்ல?"

"ஏறியிருக்கலாம்."

"எட்டு மாசம் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, நெஞ்சு வலியை எங்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"பயமா இருந்துச்சு பாப்பா." அவள் அண்ணன் கூப்பிடுகிற பெயரால் அவர் அவளை நேரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் மாத்திரையை எடுத்தாள், தண்ணீர் எடுத்தாள், கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தாள். அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

"சாயங்காலம் ஜிம்மைத் திறக்கணுமே. எப்படிப் போறது? படி ஏறக்கூடாதுன்னுட்டாரே" என்றார் மாஸ்டர்.

"லிஃப்ட்லதான் போகணும்."

"பின்பக்கம்..."

"முன்பக்கம்" என்றாள் பாப்பா. "எல்லாரும் பார்க்க. நானும் வரேன்."

*

ஐந்து மணி வகுப்புக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். காலையில் நடந்த கதை கேள்விப்பட்டு, மாஸ்டர் வருவாரா மாட்டாரா என்று பார்க்க வந்தவர்களே பாதி. தையல் கடை அக்கா பலகைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

முன்பக்க லிஃப்டின் மணி அடித்தது. அந்த மாடியில் அந்த மணி அடித்து வருடக்கணக்காகிவிட்டது. கதவு திறந்தது. உள்ளே மாஸ்டரும் அவர் மனைவியும். அவர் முகம் வெளிறியிருந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடியை விடவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மாஸ்டர் நேராகப் பலகைக்குப் போனார். முதல் வரியில் இருந்த சைபரைத் துடைத்தார். எட்டு மாதச் சாக்பீஸ் எழுத்து லேசில் போகவில்லை, எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு எழுதினார்: 'மாஸ்டர். இரண்டு மாடி. 5 நிறுத்தம்.'

"எட்டு மாசமா இந்த வரி பொய். உங்களை ஏறச் சொல்லிட்டு நான் பின்னால சோபாவில உக்காந்து வந்தேன்" என்றார். "எனக்கு நெஞ்சுல வலி இருக்கு. வியாழக்கிழமை டெஸ்ட். டாக்டர் சரின்னு சொன்னா, வெள்ளிக்கிழமையில இருந்து நானும் உங்க கூட முதல் படியில இருந்து ஆரம்பிக்கிறேன். அதுவரைக்கும் என்கிட்ட கத்துக்க இஷ்டமில்லாதவங்க தாராளமா போகலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

தையல் கடை அக்கா பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நானும் ஆரம்பத்துல அஞ்சுதான் நின்னேன்" என்று முணுமுணுத்தாள். ஆனால் இரண்டு பேர் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, படிக்கட்டில் ஒருவர் மேலே வந்துகொண்டிருந்தார். சீரான மூச்சு. எங்கேயும் நிற்கவில்லை. வந்தவர் பலகையில் தன் வரியைத் தேடி, அதிலிருந்த ஒன்று என்ற எண்ணைத் துடைத்துச் சைபர் போட்டார். முதல் வரியையும் ஒரு தடவை படித்தார்.

பரிசோதனைதான் முடிந்துவிட்டதே, இனி இவருக்கு இங்கே என்ன வேலை என்று பாப்பா நினைத்தாள். வியாழக்கிழமைச் சீட்டு அவள் கைப்பையில் மடித்தபடி இருந்தது. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

டிரைவர் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தங்கை கணவர் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு எனக்கு என்ன பயிற்சி, மாஸ்டர்?" என்றார்.